மூழ்கத் தெரிந்த கப்பல்

அவள் கத்தியால் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். நாரைச் சட்டியிலும் பீன்ஸைக் குப்பைக்கூடையிலும் போடுகிற அளவுக்கு மனசு இங்கே இல்லை.

கூடத்து மேஜையில் இரண்டு பெட்டிகள். ஒன்று நீளமானது. மேலே நாலு பீரங்கியோடு ஒரு போர்க்கப்பல் படம், பார்த்தாலே பயம் வரும். இன்னொன்று குட்டை. அந்தப் படத்திலிருந்த கப்பல் சோப்பு டப்பாவுக்குக் கொடி கட்டிய மாதிரி இருந்தது.

பெட்டிகளைக் கொண்டுவந்த கடைக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். பொம்மைக் கப்பல் விற்பது அவர் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையானால் பூங்கா ஏரியில் ரிமோட்டை வைத்துக்கொண்டு கப்பல் சண்டை போடுவது அவர் பைத்தியம்.

சும்மா விளையாட்டு இல்லை, நிஜச் சண்டை. பக்கவாட்டில் மெல்லிசு மரத்தகடு. வாயுவில் சுடுகிற குட்டி பீரங்கி. மிளகு அளவு இரும்பு உருண்டை. ஓட்டை விழுந்தால் தண்ணீர் ஏறும். ஏறினால் கப்பல் உள்ளே போய்விடும். கரையில் நிற்பவர்கள் கை தட்டுவார்கள்.

அந்தக் கைதட்டலை நினைத்துத்தான் அவளுக்குப் பயம்.

வீட்டுக்காரர் கிரேன் ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன்னால் சுமை நழுவி, இடது கையில் இரண்டு விரல் போயிற்று. கூடவே பேச்சும் போயிற்று. சுவரைப் பார்த்துப் படுத்த மனுஷன், போன வாரம்தான் எழுந்து உட்கார்ந்து, "நானும் ஒரு கப்பல் விடப்போறேன்" என்றார். அன்றைக்கு அவள் வெங்காயம் இல்லாமலே அழுதாள்.

இப்போது அவர் உள்ளே பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும்.

"அண்ணே, இதுல எது மூழ்காது?" தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"மூழ்காத கப்பலா? என் கடை அலமாரியில இருக்கறதெல்லாம் மூழ்கவே மூழ்காது."

"விளையாடாதீங்கண்ணே. பெருசையே குடுத்துடுங்க."

"வேண்டாம் தங்கச்சி. முதல் கப்பலுக்கு இந்தக் குட்டைதான் சரி."

"ரெண்டு அடி பட்டாலே போயிடும் போலிருக்கே?"

"போயிடும்." கூசாமல் சொன்னார். "சின்னக் கப்பல், சின்ன பம்ப்பு. உள்ள வர்ற தண்ணிய இறைச்சு மாளாது."

போன வருஷம் அவர் ஏழு கப்பலை மூழ்கடித்தாராம். கடைச் சுவரில் ஏழையும் படம் பிடித்து மாட்டியிருக்கிறாராம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எட்டாவதுக்கு என் வீட்டுக்காரர்தான் கிடைத்தாரா என்று அவளுக்குள் கொதித்தது. இருந்தாலும் குரலைத் தணித்தாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. முதல் நாள் மட்டும் அவரை அடிக்காதீங்க. மத்தவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிவைங்க. நான் கேட்டேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்."

"அது நடக்காது தங்கச்சி. நான் முதல்ல அடிக்கப்போறதே அவரைத்தான்."

அவள் கையில் கத்தி அப்படியே நின்றது.

"மனுஷனா நீங்க?"

கேட்ட பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கே தெரிந்தது. ஆரம்பித்தாயிற்று, நிறுத்த முடியவில்லை.

"ரெண்டு விரல் போனவருண்ணே அவரு! எட்டு மாசமா கண்ணாடிச் சாமான் மாதிரி வச்சுத் தாங்கிக்கிட்டிருக்கோம். அவரு என்ன சொன்னாலும் சரிதான், என்ன செஞ்சாலும் நல்லாயிருக்குதான். எங்க மாமியாரே குரலைக் குறைச்சுட்டாங்க, பார்த்துக்குங்க! ஊரே வேடிக்கை பார்க்க முதல் நாளே மூழ்கிப்போனா, திரும்ப சுவத்தைப் பார்த்துப் படுத்துடுவாரு. அப்புறம் நீங்களா வந்து எழுப்புவீங்க?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள் எழுந்தாள். இரண்டு பெட்டிகளையும் சேர்த்துத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

"எங்களுக்கு எதுவும் வேண்டாம். எடுத்துட்டுப் போங்க. வேற யாருக்கோ சொல்லிவச்சதை மாத்திக் கொண்டுவந்துட்டீங்கன்னு நான் சொல்லிக்கறேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. குளியலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலை இறக்கினார்.

"உன்கிட்ட சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். புதுசா வர்றவங்களை முதல் மாசம் நாங்க யாருமே அடிக்கறதில்ல தங்கச்சி. அது எங்க ஏரிப் பழக்கம். நான் அவருக்கு எடுத்துக் காட்டினதும் இந்தப் பெருசைத்தான். மனசு மாறுவாரோன்னு இன்னைக்கும் தூக்கிட்டு வந்தேன்."

"அப்புறம் ஏன்..."

"அவரு கேட்கலையே! 'சீக்கிரமா மூழ்கணும், சீக்கிரமா ஒட்டிச் சரிபண்ணவும் வரணும், அப்படி ஒண்ணு குடுங்க. பழக்கமெல்லாம் எனக்கு வேண்டாம், முதல் நாளே என்னை அடிங்க'ன்னாரு. ஏன்யான்னு கேட்டேன். 'வீட்டுல எட்டு மாசமா எல்லாரும் என்கிட்ட தோத்துக்கிட்டே இருக்காங்க அண்ணே'ன்னாரு."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

"நாங்களா? ஐயோ, நேத்து சீட்டாட்டத்துல கூட அவரு நெஜமாவேதான் ஜெயி..."

"ஏய், துண்டை எடுத்துக்கிட்டு ஓடி வா!" குளியலறையிலிருந்து வீட்டுக்காரர் கத்தினார்.