பாடையிலிருந்த கால்கள்

பூவாத்தாளைக் கடைசியாகக் குளிப்பாட்டிய பெண்களில் முத்துராக்கும் ஒருத்தி. சுற்றியுள்ள ஊர்ப் பெண்களைச் சேர்த்துச் சங்கம் நடத்துகிறவள். பூவாத்தாள் நெஞ்சுவலியில் போய்விட்டாள் என்றுதான் அவள் புருஷன் வேலாண்டி ஊருக்குச் சொல்லியிருந்தான். மஞ்சள் தேய்க்கையில் கழுத்தில் விரல் தடங்களை முத்துராக்கு பார்த்தாள். வெளியே வந்து போலீசுக்குப் போன் பண்ணினாள். அவர்கள் வருவதற்குள் பாடையைத் தூக்கிவிட்டார்கள்.

முத்துராக்கு தெருமுனைவரை ஓடி, பாடையில் நீட்டிக்கிடந்த கால்களில் ஒன்றைப் பற்றிக்கொண்டாள்.

“விடு. சுடுகாட்டுக்குப் பொம்பளை வரக்கூடாது” என்றார் ஊர்த் தலைவர்.

“நான் சுடுகாட்டுக்கு வரலைய்யா. இவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

வேலாண்டி அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். யாரோ முதுகில் மிதித்தார்கள். முழங்கால் மடங்கி விழுந்தும் அவள் பிடியை விடவில்லை. பாடை ஒருபக்கமாகச் சாய்ந்தது. தூக்கியவர்கள் வேறு வழியில்லாமல் இறக்கி வைத்தார்கள்.

அப்போது வேலாண்டியின் அம்மா ஆவுடை தலைவிரிகோலமாக வந்தாள். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

“வாம்மா, இவளை என்னன்னு கேளு” என்றான் வேலாண்டி.

ஆவுடை மகனைப் பார்க்கவில்லை. மண்ணில் உட்கார்ந்து, மருமகளின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டாள்.

“ராத்திரி ‘அத்தே’ன்னு என்னையத்தான் கூப்பிட்டா, ராக்கு” என்றாள். “நான் எந்திரிக்கலை.”