திறந்து வைக்கப்பட்டது

பூட்டு அவள் கண்மட்டத்தில் தொங்கியது.

பித்தளைப் பூட்டு. துரு இல்லை. திறந்து மூடிய பூட்டுக்கு இருக்கும் கீறல்கூட இல்லை.

கதவின் மேல் பாவாடை கட்டிய பெண்ணின் படம். பக்கத்துச் சுவரில் ஒரு கறுப்புக் கல்.

காலை ஆறு மணிக்கு வீட்டில் போனது. இப்போது பன்னிரண்டரை. நடுவில் இரண்டரை மணி நேரப் பஸ். பிறகு கற்காலம், இரும்புக்காலம், நாயக்கர் காலம். எல்லாக் காலத்தையும் அடக்கிக்கொண்டே பார்த்தாயிற்று.

பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் இருந்தது. இன்று இரண்டாம் நாள். மாற்றியே ஆக வேண்டும்.

பையன்களுக்குச் சிக்கல் இல்லை. அருங்காட்சியகத்தின் பின்சுவர் நீளமானது.

காவலர் வந்தார். சாவி தன்னிடம் இல்லை என்றார்.

“பெரியவங்க யாராச்சும் வந்தா தொறப்பாங்க பாப்பா.”

அவள் பெரிய மனுஷியாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. அது கணக்கில் வராது போலிருக்கிறது.

மரகதவல்லி மிஸ்ஸிடம் போனாள். மிஸ் ஈமத்தாழியின் முன்னால் நின்று தலை எண்ணிக்கொண்டிருந்தார்.

“சாயங்காலம் வீட்டுக்குப் போயிறப் போற. கொஞ்சம் பொறுத்துக்கோடி. இந்தத் தாழியப் பாரு, ரெண்டாயிரம் வருஷமா மண்ணுக்குள்ள பொறுமையா இருந்திருக்கு.”

“அது செத்தவங்களுக்கு மிஸ்.”

மிஸ்ஸுக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

அவள் பூட்டுக்கே திரும்பி வந்தாள்.

எதிரே தரையில் உட்கார்ந்தாள். பயிற்சித்தாளை எடுத்தாள். ஒரு கல்வெட்டைப் பார்த்து எழுதுக. இடம், காலம், செய்தி, ஐயம் எனப் பிரித்துக் காட்டுக. நன்றாக எழுதுபவருக்குக் காப்பாட்சியர் கையால் பேனா.

வகுப்பே நிலதானக் கல்வெட்டைச் சுற்றி நின்றது.

அஃப்ரோஸ் மட்டும் இவளைத் தேடி வந்தாள். “என்னடி, கல்வெட்டு அங்கல்ல இருக்கு?”

“இது படிக்க ஈஸியா இருக்கு.”

அஃப்ரோஸ் கறுப்புக் கல்லைப் படித்தாள். பூட்டைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் காலை ஆறு மணிதான்.

கொஞ்ச நேரத்தில் இருபத்து மூன்று பெண்களும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

கல்லில் ‘மாண்புமிகு’வுக்கு அப்புறம் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. சிதைந்த எழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று காலையில் வழிகாட்டி சொல்லிக்கொடுத்திருந்தார். வைத்தாள்.

தாளைக் கடைசி ஆளாகக் கொடுத்தாள்.

அதனால் அது கட்டின் மேலே இருந்தது. காப்பாட்சியர் மேலே இருந்ததைத்தான் எடுத்தார். பேனா கொடுக்கும் மேடையில் நின்று, மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, உரக்கப் படித்தார்.

“இடம், வடக்குத் தாழ்வாரம். காலம், ஐந்து ஆண்டுகளுக்கு முன். செய்தி, இந்த மகளிர் கழிப்பறை மாண்புமிகு புள்ளி புள்ளி புள்ளி அவர்களின் பொற்கரங்களால் திறந்து வைக்கப்பட்டது.”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எடுத்த உரையைப் பாதியில் நிறுத்திப் பழக்கமில்லாதவர்.

“ஐயம். நேரில் சென்று பார்த்தபோது பூட்டியிருந்தது. எனவே ‘திறந்து’ என்ற சொல்லுக்கு அந்தக் காலத்தில் வேறு பொருள் இருந்திருக்கலாம்.”

பையன்கள் சிரித்தார்கள்.

பெண்கள் சிரிக்கவில்லை. இருபத்து மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மிஸ் எழுந்தார். அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, அவரும் காப்பாட்சியர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மிஸ்ஸும் அதே பஸ்ஸில்தான் வந்திருந்தார்.

காப்பாட்சியர் காவலரைக் கூப்பிட்டார். “சாவி யார்கிட்டய்யா இருக்கு?”

காவலர் மேடையருகே வந்து மெதுவாகத்தான் சொன்னார். மைக் அதையும் எல்லாருக்கும் சொன்னது.

“உங்க டிராயர்லதான் சார்.”

பேனா யாருக்கும் கிடைக்கவில்லை.

பூட்டு திறந்தது. காவலர் அதைக் கொண்டியிலேயே மாட்டிவிட்டுப் போனார்.

உள்ளே மூன்று உடைந்த நாற்காலிகள். சுருட்டி வைத்த திறப்பு விழா பேனர். பிரித்துப் படிக்க அவளுக்கு நேரமில்லை. குழாய் இரண்டு முறை இருமியது. மூன்றாம் முறை தண்ணீர் விட்டது.

வெளியே வரிசை நின்றது. மிஸ் இரண்டாவதாக நின்றார்.

நான்கு மணிக்குப் பஸ் கிளம்பும் நேரம் காவலர் ஓடி வந்தார். ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தார்.

“பாப்பா, அந்தப் பூட்ட யாராச்சும் பார்த்தீங்களா?”

இருபத்து மூன்று பெண்களும் எதிர்ப்பக்க ஜன்னலில் எதையோ பார்த்தார்கள். அங்கே ஒரு பஞ்சர் கடை இருந்தது.

மிஸ் தலை எண்ணினார். சரியாக வந்தது. “போலாம் டிரைவர்,” என்றார்.

அவள் பயிற்சித்தாளை எடுத்தாள். முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கடைசிக் கேள்வி மட்டும் மீதி இருந்தது.

இந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு பொருளை வழங்குவதானால், நீ எதை வழங்குவாய்?

மடியில் பை கனத்தது. வரும்போது இல்லாத கனம்.

தாளைப் பையின் மேல் வைத்து, நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

தருவதாக இல்லை.