இடது பக்கச் சீட்டு

லாரி டயர் ஒன்றை நிழலுக்கு இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்த ஜெயபாண்டி, இம்மானுவேலின் கையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இம்மானுவேல் காருக்குள் தலையை விட்டு போல்ட்டு கழற்றிக்கொண்டிருந்தான். பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டோரம் அவனுடைய கார் சீட்டுக் கடை.

கார் புத்தம் புதுசு. பானெட்டில் வைத்த சந்தனம்கூட உதிரவில்லை. மகள் செல்வலட்சுமிக்குக் கல்யாணச் சீராகப் போகிற கார். கம்பெனி போட்டு அனுப்பிய துணிச் சீட்டைப் பார்த்து, வாடகைக் கார் மாதிரி இருக்கிறதென்று மாப்பிள்ளை முகம் சுளித்துவிட்டார். சிவப்பு ரெக்ஸினில், மெத்து மெத்தென்று வேண்டுமாம். கடையையும் அவரே சொன்னார்.

சீர்க் காரில் ஒரு நொட்டை இருந்தால் பிள்ளை ஆயுசுக்கும் பேச்சுக் கேட்கும். அதனால்தான் காட்டு வேலையைப் போட்டுவிட்டுக் காலையிலேயே வந்து காவல் இருக்கிறார்.

கழற்றிப் போட்ட கம்பெனிச் சீட்டை இவன் யாருக்காவது தள்ளிவிட்டால்? தன் ஆட்டுக்குக் காதில் போடுகிற மூன்று கோட்டு அடையாளத்தை, சீட்டின் அடி இரும்பில் ஆணியால் கீறி வைத்தார். புதுச் சீட்டை அழுத்திப் பார்த்தார். மோந்து பார்த்தார். உள்ளே பழைய பஞ்சோ என்று ஓரத்தைக் கிள்ளினார்.

“அண்ணாச்சி, அது சீட்டு. சந்தைக் கெடா இல்ல. பல்லப் புடிச்சுப் பாக்காம விட்டீகளே.”

“இருந்தா அதையும் பாத்திருப்பேன். நீ வேலையப் பாருப்பா.”

இடது பக்கச் சீட்டு மாட்டியாயிற்று. இம்மானுவேல் சாவியைத் திருகினான். மீட்டரில் சிவப்பாய் ஒரு விளக்கு. உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள், அவன் முன்னால் ஒரு பந்து. அணையவே இல்லை.

ஜெயபாண்டி எழுந்தேவிட்டார். “காலையில இந்த வெளக்கு இல்லையே! எதைடா அத்துவிட்ட?”

இம்மானுவேல் பழைய சீட்டைப் புரட்டி அதன் விலாவைத் தட்டிக் காட்டினான். கதவுப் பக்கம் ஏதாவது வந்து இடித்தால் விரிகிற காற்றுப் பை அதற்குள் மடித்து வைத்திருக்கிறது. நெஞ்சு நொறுங்காமல் அதுதான் தாங்கும். புதுச் சீட்டில் அதற்கு இடமில்லை. பையைக் காணோம் என்று விளக்கு எரிகிறது. வயரில் சின்னதாய் ஒன்றைச் சொருகினால் அணைந்துவிடும், பை இருக்கிறதென்று வண்டி நம்பிக்கொள்ளும்.

வண்டியையே ஏமாற்றுகிறவன் மனுசனை விடுவானா? ஜெயபாண்டி சுற்றி வந்து, தான் டீ குடிக்கப் போயிருந்தபோது அவன் முடித்து வைத்த டிரைவர் சீட்டைத் தடவினார். கழற்றவே இல்லை. அதே துணிச் சீட்டின் மேல் சிவப்பு உறை. கதவு ஓரத்தில் ஒரு சாண் தைக்காமல் கிடந்தது.

“சிக்கிட்டடா. இதுக்கு உறைய மட்டும் மாட்டி என்னைய ஏய்ச்சிரலாம்னு பாத்தியோ? தையலுக்கு நூலும் மிச்சம்!”

“ஏய்க்கல அண்ணாச்சி. பை விரியணும்ல, அதான் தைக்காம விட்டிருக்கு. நேத்து மாப்ள போன் பண்ணாக. பையப் பத்தி வெவரமா எடுத்துச் சொன்னேன். அப்ப டிரைவர் சீட்டத் தொடாத, கலருக்கு உறை மட்டும் போடுன்னாக. இடது பக்கத்துக்கும் அப்படியே போட்டுரவான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“அது சும்மா உக்கார்ற சீட்டுதானப்பா, பாக்க லட்சணமா இருந்தாப் போதும்னாக.”

ஜெயபாண்டி, மகள் உட்காரப்போகிற சிவப்புச் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். ரோட்டில் லோடு லாரி ஒன்று உறுமிக்கொண்டு போனது. கண்ணாடி அதிர்ந்தது. கை தானாக விலாவுக்குப் போனது.

வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி ஈஸ்வரி எடுத்தாள். பந்தக்கால் ஊன்ற ஆள் வந்தாச்சு, குழி தோண்டிக்கிட்டிருக்காக, வெரசா வாங்க என்றாள்.

“குழிய மூடச் சொல்லு” என்றார்.