பெரிய டாக்டரின் 'ம்ஹும்'

சிரிக்கத் தயாரா இருங்க. அதுக்கு முன்னால் என் காலைப் பற்றிக் கொஞ்சம்.

சைக்கிளிலிருந்து விழுந்த காயம். அதில் புகுந்த கிருமி எந்த மருந்துக்கும் மசியவில்லை. அதனால் ஆஸ்பத்திரியில் எனக்குத் தனி அறை, கண்ணாடிக் கதவு, ஒரு இன்டர்காம்.

இன்டர்காமைக் கொடுத்துவிட்டு என்னைச் சும்மா இரு என்றால்? நர்ஸின் தும்மலிலிருந்து லிஃப்ட் கதவு வரை எல்லாச் சத்தத்தையும் அப்படியே என் வாயால் செய்து காட்டுவேன்.

பெரிய டாக்டர் முதல் நாள் மட்டும் வந்தார். "ம்ஹும்... நானோ வெள்ளி மருந்துக்குக் கேட்கலைன்னா முட்டிக்குக் கீழே எடுத்துடணும்."

அம்மா அழுதார். நான் அந்த 'ம்ஹும்'மைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் மத்தியானம் அவர் குரலில் லேபுக்கு அடித்தேன்.

"ம்ஹும்... என்னம்மா, உட்கார்ந்துக்கிட்டா பேசுற?"

நாற்காலி கிறீச்சிட்டது. "எழுந்துட்டேன் சார்!"

சிரிப்பில் ரிசீவரே நழுவியது.

"அந்தப் பையன் விஷயம் என்னாச்சு?"

"அவன் காயத்துல எடுத்த கிருமிமேல நானோ வெள்ளி வெச்சிருக்கேன் சார். தலைமுடியை ஆயிரமாப் பிளந்தா வர்ற அளவு துகள். கிருமியை ஓட்டை போட்டுடும்."

"போட்டுச்சா?"

"இன்னும் தெரியல சார்."

தினமும் அடித்தேன். "மறுபடி பாரு!" என்று அதட்டினேன். அந்த லேப் அம்மா பார்த்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும் போனை எடுத்தார்.

ஆறாம் நாள் 'ம்ஹும்' சரியாக வரவில்லை.

"அவன் காலை... எடுத்துடுவாங்களா?"



"விட மாட்டேன் சார்."

எட்டாம் நாள் பெரிய டாக்டரே வந்தார். கூடவே முகமூடி போட்ட ஒரு அக்கா. செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"வெள்ளி வெச்ச இடத்தைச் சுத்திப் பாரு. ஒரு கிருமி இல்ல."

லேப் குரல்! மாட்டினேன் என்று நினைத்தேன்.

"டாக்டர், அப்போ என் கால்...?"

அவர் வாயைத் திறக்கவில்லை. கழுத்தில் கட்டு. சின்ன நோட்டில் எழுதி நீட்டினார்: 'கால் உனக்குத்தான்.'

"சார் ஏன் பேசல?"

"தொண்டையில ஆபரேஷன்," என்றார் அக்கா. "நீ வந்த மறுநாள் காலையில. ஒரு வாரமா ஒரு வார்த்தை இல்ல."

மறுநாள் காலையில். நான் அடித்தது மத்தியானம்.

காது சுட்டது. போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டேன்.

"அப்போ... அந்த நாற்காலிச் சத்தம்?"

அக்கா குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"உட்கார்ந்தபடியே பக்கத்து நாற்காலியைக் காலால தள்ளினேன் தம்பி. நீ சிரிக்கணும்ல?"