எந்த அவர்?

“அவர் அவருடைய கையை முறுக்கி, அவரைப் படியிலிருந்து கீழே தள்ளினார்” என்று வாசித்தாள் மனித உரிமை ஆணையத்துப் பெண்.

லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “எந்த அவர் எந்த அவரைத் தள்ளினாரு?”

கடையே சிரித்தது. கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த வேன் டிரைவர்கூடச் சிரித்துவிட்டார்.

முதல் அவர் போலீஸ்காரர், இரண்டாவது அவர் நம் டிரைவர் என்று அந்தப் பெண் விளக்கினாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

டிரைவரின் அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் அப்படியா சொன்னேன், அந்த எடுபட்ட பயலுக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது, அவன் என்றே எழுது என்று எகிறினாள். அவள் வயிற்றெரிச்சல் அவளுக்கு.

ஸ்டேஷன் காகிதத்தில் அவள் மகனுக்குப் பேரே ‘மேற்படியான்’தான். மேற்படியான் குடித்துவிட்டு வண்டி ஓட்டினான், விசாரிக்கக் கூட்டி வந்தபோது தானே கால் தவறி விழுந்தான் என்று எழுதி முடித்துவிட்டார்கள். டிரைவருக்கு அந்தப் பழக்கமே கிடையாதாம். ஆனாலும் வழக்கு வழக்குதான். லைசென்ஸ் போனால் பிழைப்பும் போச்சு.

ஆணையமெல்லாம் எனக்குப் புதிதில்லை. வருவார்கள், போட்டோ எடுப்பார்கள், வந்த வழியே போவார்கள். இவள் வேறு ரகம். உங்கள் ஆபீஸ் வாசலிலேயே போலீஸ் நிற்கிறது, அதைத் தாண்டி வந்து போலீஸ்மேல் புகார் கொடுக்க எங்களுக்கென்ன பைத்தியமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் இந்த லாண்டரியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். முதலில் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லையாம். அவளும் சளைக்கவில்லை. அந்தப் புழுக்கத்தில் வேர்த்து வழிய உட்கார்ந்து, சட்டைப் பட்டன் உடைந்த பஞ்சாயத்தைக்கூடக் காது கொடுத்துக் கேட்டாளாம். இன்றைக்குக் கடையில் நிற்க இடமில்லை. கெட்டிக்காரிதான், ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் வாசலை ஒட்டி ஒரு ஸ்டூலில் இருந்தேன். பேச்சு தடித்தால் எழுந்து போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன். ‘எடுபட்ட பயல்’ காதில் விழுந்ததுமே பையைத் தோளில் மாட்டிவிட்டேன்.

ஆணையத்துப் பெண் குரலை உயர்த்தவே இல்லை.

“விசாரிச்சு முடியிற வரைக்கும் எங்க காகிதத்துல ரெண்டு பேருமே ‘அவர்’தாம்மா. உங்க மகன மேற்படியான்னு எழுதினது தப்புன்னா, அந்தப் போலீஸ்காரர அவன்னு எழுதுறதும் தப்புதானே?”

அப்படியானால் என் மகனையும் ‘அவர்’ என்றுதான் எழுதியிருக்கிறாயா என்று கேட்டாள் அந்தத் தாய். ஆமாம் என்று காகிதத்தைத் திருப்பி, அந்த வார்த்தையை விரலால் தொட்டுக் காட்டினாள் இவள். அவ்வளவுதான், அந்த அம்மாவின் ஆத்திரமெல்லாம் அழுகையாகிவிட்டது.

இந்தப் பெண்ணை நம்பலாம் என்று அப்போதுதான் தோன்றியது. பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்துத்தான் முக்கியமான கேள்வி வந்தது. சாட்சி இல்லாமல் இந்தப் புகார் நிற்காது. நேரில் பார்த்தவர்களோ, போலீஸ்காரரே இதைப் பற்றிப் பேசிக் கேட்டவர்களோ யாராவது இருக்கிறீர்களா என்றாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள யாருக்கு ஆசை? ஆளாளுக்குத் தொங்கும் சட்டைகளைப் பார்த்தார்கள். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் எழுந்தேன்.

‘எதிர்த்துப் பேசினான், கையை முறுக்கித் தள்ளிவிட்டேன், குடித்திருந்தான் என்று எழுதியாயிற்று.’ சாப்பிட்டுக்கொண்டே அந்தப் போலீஸ்காரர் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னதை என் காதால் கேட்டேன், எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்கிறேன் என்றேன்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. என்னை அங்கே யாருக்கும் தெரியாது.

ஆணையத்துப் பெண் உடனே எழுதிவிடவில்லை. இதனால் உங்களுக்குத் தொல்லை வரலாம், அவசரமில்லை, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். தூக்கமில்லாமல் யோசித்தாயிற்று, எழுதிக்கொள் என்றேன்.

பேனாவை எடுத்தாள்.

“அவருக்கு நீங்க என்ன வேணும்மா?”

“பெத்தவ” என்றேன்.