வாய்ப்பூட்டு திறக்கவில்லை

இந்தக் காலத்து சனங்களுக்குச் சொந்த மூக்கின் மேலேயே நம்பிக்கை இல்லை என்று செங்கோடன் முனகினார். தவிட்டை ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பதை விட்டுவிட்டு, மாட்டுக்கு மெசின் வாய்ப்பூட்டு மாட்டியிருக்கிறார்கள். குடோன் மூட்டைகளில் பூச்சி சாக வைக்கும் மாத்திரையின் விஷப்புகை தீவனத்தில் துளி ஒட்டியிருந்தாலும் பூட்டின் விளக்கு சிவப்பாய் எரியும், பூட்டு திறக்காது.

காலையிலிருந்து திறக்கவேயில்லை. கன்று ஈன்ற மயிலைப் பசு பசியில் தரையை உதைத்தது.

"தவிட்டை மாத்தியாச்சுங்க மாமா. இது தோட்டத்துல இப்பத்தான் அறுத்த சோளத்தட்டு," என்றாள் மருமகள் கோகிலா.

"அப்பப் பூட்டுதான் கெட்டுப்போச்சு. அறுத்து எறியறேன் இரு."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா."

அவர் நகர்ந்தார். பூட்டு பச்சையாகித் திறந்தது. அவர் கிட்டே வந்ததும் சடக்கென்று மூடிக்கொண்டது.

"குடோன் வேலைக்குப் போட்டுட்டுப் போன சட்டையா மாமா?"

"குளிச்சு மாத்துனது புள்ள."

"மூச்சைப் புடிச்சுக்கிட்டு வாங்க."

வந்தார். பூட்டு திறந்தது, மாடு தின்றது. தாங்கமுடியாமல் அவர் மூச்சை விட்டார். சிவப்பு.

இத்தனை வருசமாய்க் குடோனில் மூட்டைக்கு மூட்டை மாத்திரை வைத்தது அவர்தான். கோகிலா பின்னால் நகர்ந்தாள். அவள் இடுப்பிலிருந்த பேத்தி மட்டும் வழக்கம்போல் தாத்தாவிடம் தாவக் கை நீட்டியது.

"பித்தலாட்ட மெசினு. இதையெல்லாம் எவன் நம்புவான்!"

சொல்லிவிட்டுச் செங்கோடன், துண்டால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, குழந்தையைச் சுற்றி விலகி நடந்தார்.