வெள்ளைக் கல்

மண்ணில்லாமல், மீன் தொட்டித் தண்ணீரைக் கல் சல்லியில் பாய்ச்சிக் கீரை வளர்ப்பதில் தேவகனிக்கும் அவள் கொழுந்தன் பெண்சாதி ஜெப்சிக்கும் போட்டி. தேவாலய அறுப்பின் பண்டிகை ஏலத்தில் யார் கீரை விலையில் முந்தும்?

தேவகனியிடம் இருந்தது வெறும் கருங்கல் சல்லி. ஜெப்சியிடமோ வெள்ளை வெளேரென்ற கல்.

"அவளுக்க தொட்டிக்கு ஐசுவரியமே அந்தக் கல்லுதாம்ட்டி" என்றார் புருஷன் யேசுரத்தினம்.

பொறாமைக்கு அது போதாதா, மக்களே? அன்றிலிருந்து தேவகனியின் கண் கீரையில் இல்லை, கல்லில்தான்.

ஜெப்சி கோயிலுக்குப் பாட்டுப் படிக்கப் போகும்போதெல்லாம் தேவகனி வாளியோடு போய் வெள்ளைக் கல்லை அள்ளிவந்து தன் தொட்டியில் போட்டாள். அள்ளிய பள்ளம் தெரியாமலிருக்க அங்கே தன் சல்லியைக் கொட்டி, மேலாக மட்டும் வெள்ளையைப் பரப்பி வைத்தாள்.

அள்ள அள்ள ஜெப்சியின் கீரை பச்சைப்பசேலெனத் தழைத்தது. தேவகனியுடையது மஞ்சளடித்தது. 'கல்லு இன்னும் பத்தாது போல' என்று வயிறெரிந்து மேலும் அள்ளினாள்.

ஏலத்தில் ஜெப்சியின் கீரைதான் முந்தியது. அவள் ஓடிவந்து தேவகனியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கீரை பிடுங்கும்போதுதான் பாத்தேன், அடியில முழுக்க ஒங்களுக்க சல்லி! எனக்க கல்லு சுண்ணாம்புக் கல்லாம். தண்ணிக்க புளிப்ப முறிச்சு, சத்து ஏறவிடாம கீரைய மஞ்சளாக்கிப்போடுமாம். ஒங்களுக்க சல்லிய கேக்கக் கூச்சப்பட்டுட்டு இருந்தேன். கேக்காமலே மாத்தித் தந்திட்டியளே! அந்தக் கேடுகெட்ட கல்ல எங்கக்கா கொண்டு கொட்டினிய?"